லண்டனிலிருந்து ஐரோப்பாவுக்குத் தரைவழி: எந்த வரிசையில் நிற்பது?

பாரிஸில் கல்யாணம், ஜெர்மனியில் கோயில் திருவிழா என்று லண்டனிலிருந்து கிளம்புகிறவர்கள் பொதுவாக இரண்டு விஷயங்களைத்தான் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள்: டிக்கெட் விலை, கடலைக் கடக்கும் நேரம். ஃபோக்ஸ்டனிலிருந்து காரோடு ஏறும் சுரங்க ரயில் என்றால் 35 நிமிடம். டோவர்–கலே கப்பல் ஒன்றரை மணி நேரம். யூரோஸ்டார் ரயிலில் பாரிஸ் இரண்டேகால் மணி நேரம். நெதர்லாந்துக்குப் போகும் ஹார்விச் கப்பலில் ஒரு முழு இரவு. கடவுச்சீட்டைக் கடலுக்கு எந்தப் பக்கத்தில் பார்க்கிறார்கள் என்பதையும் இதோடு சேர்த்துப் பார்த்தால் வரிசை மாறிவிடும்.

டோவர், ஃபோக்ஸ்டன், லண்டன் செயின்ட் பாங்க்ராஸ் மூன்றிலும் பிரெஞ்சு எல்லைக் காவலர்கள் இங்கிலாந்து மண்ணிலேயே உட்கார்ந்திருக்கிறார்கள். ஏறுவதற்கு முன்பே சோதனை முடிந்துவிடும். அந்தப் பக்கம் இறங்கியதும் நேரே போகலாம். ஹார்விச்–ஹூக் ஆஃப் ஹாலந்து, நியூஹேவன்–டியப் போன்ற வழிகளில் இறங்கிய பிறகுதான் சோதனை. முதல் வகையில் வரிசை நீண்டால் கப்பலோ ரயிலோ தவறிப்போகும். இரண்டாவது வகையில் எதுவும் தவறாது, ஊர் போய்ச் சேரத்தான் தாமதமாகும். கூடவே சின்னப் பிள்ளைகளும் வயசானவர்களும் வந்தால் இந்த வித்தியாசம் பெரிது.

இதை இப்போது யோசிக்க வைப்பது இ.இ.எஸ். எனப்படும் ஐரோப்பிய ஒன்றியத்தின் நுழைவு–வெளியேற்றப் பதிவு முறை. 2025 அக்டோபர் 12இல் படிப்படியாகத் தொடங்கியது. 2026 ஏப்ரல் 10 முதல் முழுமையாக நடைமுறைக்கு வரும் என்று அட்டவணை போட்டார்கள். பிரிட்டிஷ் கடவுச்சீட்டுக்காரர்கள் முதல் தடவை விரல்ரேகையும் முகப்படமும் கொடுக்க வேண்டும். 12 வயதுக்குக் கீழே என்றால் படம் மட்டும். பதிவு மூன்று வருடம் இருக்கும் என்பதால் அடுத்த பயணம் சுருக்கமாக முடியும். இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டில் ஷெங்கன் விசா எடுத்துப் போகிறவர்களின் ரேகை விசா எடுக்கும்போதே பதிவாகியிருக்கும். எல்லையில் அதைச் சரிபார்ப்பார்கள். பிரெஞ்சு, ஜெர்மன் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு இதில் எதுவும் கிடையாது. ஒரே காரில் இந்த மூன்று வகையினரும் இருப்பது நம் குடும்பங்களில் சாதாரணம். அப்போது யாருக்கு அதிக நேரம் பிடிக்குமோ அவருடைய நேரம்தான் காருக்கும்.

சரி, டோவரா ஃபோக்ஸ்டனா? டோவரின் பலவீனம் இடம். செங்குத்தான சுண்ணாம்புப் பாறைக்கும் கடலுக்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கிற துறைமுகம் அது. வரிசை நீண்டால் ஊருக்குள்தான் நீளும். 2022 ஜூலையில் பள்ளி விடுமுறை தொடங்கிய வாரத்தில் கார்கள் மணிக்கணக்கில் நின்றன, துறைமுகமே நெருக்கடி நிலை அறிவித்தது. அப்போது இ.இ.எஸ். இல்லை, வெறும் முத்திரைதான். ஆனால் டோவருக்கு ஒரு பலமும் உண்டு. பல நிறுவனங்கள் நாள் முழுக்கக் கப்பல் விடுவதால், ஒன்று போனாலும் அடுத்ததில் இடம் கிடைக்க வாய்ப்பு அதிகம். டிக்கெட் எடுக்கும்போது விலையோடு சேர்த்து எத்தனை மணி நேரத் தாமதத்தை ஏற்பார்கள் என்றும் பாருங்கள். கூடக் கொடுக்கும் சில பவுண்டுகள் வீண்போகாது.

ஃபோக்ஸ்டன் விலை கூடுதல், பெரும்பாலும் அது தகும். ரயில்கள் அடிக்கடி ஓடுகின்றன, கடல் கொந்தளித்தாலும் பாதிப்பு இல்லை. இரண்டுக்கும் பொதுவான தலைவலி எம்20 நெடுஞ்சாலை. கலே பக்கம் ஏதாவது சிக்கல் என்றால் லாரிகளை அந்தச் சாலையிலேயே வரிசையாக நிறுத்தும் ‘ஆபரேஷன் ப்ராக்’ ஏற்பாடு வந்துவிடும். கிளம்பும் அன்று காலை முதலில் பார்க்க வேண்டிய செய்தி அதுதான்.

கோச் எனப்படும் நெடுந்தூர பஸ் மலிவு. மாணவர்களுக்கு அதை விட்டால் வேறு வழி இல்லாமலும் இருக்கலாம். ஆனால் எல்லைத் தாமதத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் என் பட்டியலில் அது கடைசி. பயணிகள் அத்தனை பேரும் சோதனை முடித்தால்தான் பஸ் நகரும். முன்சீட்டுக்காரரின் விசாவில் ஒரு சந்தேகம் என்றால் எல்லோரும் காத்திருக்க வேண்டும். 2023 ஏப்ரல் தொடக்கத்தில் டோவரில் சில கோச்சுகள் ராத்திரி முழுக்க நின்றன. அந்தப் பக்கம் வேறு ரயில் பிடிக்க வேண்டியிருந்தால் கோச்சை நம்பாதீர்கள்.

யூரோஸ்டாரில் தாமதம் எல்லாம் லண்டன் முனையில்தான். பாரிஸின் கார் து நோர் ரயில் நிலையத்தில் இறங்கினால் நேரே வெளியே வந்து, நிலையத்தின் பின்பக்கம் லா சப்பல் பகுதியில் இட்லியே சாப்பிடலாம். அதனால் மேலதிக நேரத்தைச் செயின்ட் பாங்க்ராஸில் செலவழியுங்கள். டிக்கெட்டில் வரச்சொன்ன நேரத்துக்கும் முன்பே போய்விடுங்கள். பக்கத்திலிருக்கும் கார் த லெஸ்ட் நிலையத்திலிருந்து ஜெர்மனிக்குப் போகும் ரயிலுக்கு நடந்தே போய்விடலாம். திரும்பி வரும்போது பாரிஸிலேயே பிரெஞ்சு, பிரிட்டிஷ் இரண்டு சோதனைகளும் நடக்கும். அங்கே இடம் குறைவு, அதையும் கணக்கில் வையுங்கள்.

அப்புறம், பலர் யோசிக்காமலே விட்டுவிடும் ஹார்விச். இரவு பதினொன்றுக்குப் புறப்படும் ஸ்டீனா லைன் கப்பல் காலை எட்டு மணிக்கு ஹூக் ஆஃப் ஹாலந்தில் இருக்கும். கேபின் கட்டாயம் என்பதால் செலவு கூடும், ஆனால் அதில் ஓர் இரவு ஹோட்டல் வாடகை அடங்கிவிடுகிறது. கார் இல்லாதவர்களுக்கு லண்டன் லிவர்பூல் ஸ்ட்ரீட்டிலிருந்து நெதர்லாந்தின் எந்த நிலையத்துக்கும் ரயிலும் கப்பலும் சேர்ந்த ஒரே டிக்கெட் உண்டு. ஹூக்கில் இறங்கினால் ராட்டர்டாமுக்கு மெட்ரோ. குறை என்னவென்றால், கப்பலில் வந்த எல்லோரும் ஒரே நேரத்தில் டச்சு அதிகாரியின் முன் வந்து நிற்பார்கள். ஆனால் தூங்கி எழுந்து நிற்கிற வரிசை அது.

ஜெர்மனியின் ஹாம் காமாட்சி அம்பாள் கோயில் தேருக்குப் போகிறவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான். ஹூக்கிலிருந்து ஹாம் மூன்று மணி நேரத்துக்குச் சற்று மேல். கலேயிலிருந்து ஐந்து மணி நேரமாவது ஆகும், அதுவும் பெல்ஜியத்தில் நெரிசல் இல்லாவிட்டால். பாரிஸ் பிள்ளையார் தேருக்கு ஹார்விச் சுற்றுவழி, பொருந்தாது. அது வருவது ஆகஸ்ட் கடைசியை ஒட்டி, பிரிட்டிஷ் பள்ளி விடுமுறையும் வங்கி விடுமுறையும் கூடும் சமயம். அந்த வாரம் காரில்தான் போக வேண்டும் என்றால் வெள்ளி, சனி பகலை விட்டுவிட்டு வியாழன் பின்னிரவு ஃபோக்ஸ்டன் ரயிலைப் பிடிப்பது நல்லது.

எந்த வழியில் போனாலும் வீட்டு மட்டன் ரோலையும் தயிரையும் கொண்டுபோகாதீர்கள். பிரிட்டனிலிருந்து இறைச்சி, பால் பொருட்களை ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் எடுத்துப்போகத் தடை. 2021 ஜனவரியில் ஹூக் ஆஃப் ஹாலந்தில் டிரைவர்களின் பன்றி இறைச்சி சாண்ட்விச்சையே வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

கடலைத் தாண்டினால் எல்லை முடிந்தது என்றும் நினைக்க வேண்டாம். 2024 செப்டம்பர் 16இலிருந்து ஜெர்மனி தன் எல்லாத் தரை எல்லைகளிலும் சோதனை வைத்திருக்கிறது. அந்த டிசம்பரில் நெதர்லாந்தும் தொடங்கியது. எல்லா வண்டியையும் நிறுத்துவதில்லை, ஒதுக்கி நிறுத்திக் கேட்பார்கள். ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் வழியாக மூனிக் போகும் சாலையில் ஞாயிறு மாலை நெரிசல் வழக்கமானது. அங்கே ஒரு மணி நேரம் கூட்டிப் போடுங்கள். கடவுச்சீட்டைச் சோதனையில் காட்டிய கையோடு டிக்கியில் இருக்கும் பெட்டிக்குள் வைத்துவிடாமல் முன்பக்கத்திலேயே வைத்திருங்கள்.