கிளப் பெட்டிக்கு ஏற்ற ஸ்கேனரா? எப்சன் பெர்ஃபெக்ஷன் வி600 மதிப்பீடு

உள்ளூர்க் கால்பந்து கிளப்பின் வரலாறு பெரும்பாலும் ஒரு பழைய பெட்டிக்குள்தான் கிடக்கும். மேலே டீம் போட்டோக்கள், அதற்குக் கீழே மஞ்சளேறிய பத்திரிகைத் துணுக்குகள், ஃபிக்ஸ்சர் கார்டுகள், கவருக்குள் சுருண்ட நெகட்டிவ்கள், எல்லாவற்றுக்கும் அடியில் கூட்டக் குறிப்புகள் எழுதிய கனத்த மினிட்ஸ் நோட்டு. பொன்விழா மலர் போடலாம் என்று பேச்சு எழும்போதுதான் அந்தப் பெட்டி திறக்கும். அதில் இருப்பதைக் கணினிக்குக் கொண்டுவர எப்சன் பெர்ஃபெக்ஷன் வி600 ஏற்றதா என்றால், போட்டோவுக்கும் நெகட்டிவுக்கும் நிச்சயமாக ஏற்றது. மினிட்ஸ் நோட்டுக்கு இதை நம்ப வேண்டாம்.

இதன் பலம் உள்ளே இருக்கும் சிசிடி சென்சார், லென்ஸ் வழியாகப் படத்தைப் பிடிக்கும் ஒளியுணரி. யூஎஸ்பி வயரிலேயே மின்சாரம் எடுத்துக்கொள்ளும் எப்சன் வி39 போன்ற ஒல்லி ஸ்கேனர்களில் இருப்பது சிஐஎஸ், கண்ணாடிக்கு மிக அருகிலிருந்தே படம் பிடிக்கும் வகை. கண்ணாடியோடு ஒட்டிப் படிந்த தாளை அதுவும் கூர்மையாகவே எடுக்கும். தாள் ஓரிரு மில்லிமீட்டர் மேலே எழும்பினால் போதும், அந்த இடம் மங்கிவிடும். கிளப் பெட்டியில் தட்டையான பொருள் அபூர்வம். மவுண்ட் அட்டையில் ஒட்டிய டீம் போட்டோ ஐம்பது வருஷத்தில் வில்லாக வளைந்திருக்கும். அட்டை கண்ணாடியைவிடப் பெரிதாக இருந்தால் ஓரச் சட்டத்தின் மேல் ஏறி நிற்கும். படம் கண்ணாடியைத் தொடவே தொடாது. இந்த இடைவெளியை சிசிடி ஓரளவு தாங்கிக்கொள்ளும். மேல்மூடியால் அழுத்தி நிமிர்த்தப் பார்க்காதீர்கள், பழைய அட்டை நடுவில் முறிந்துவிடும்.

ஸ்கேனர் வரும் அட்டைப்பெட்டியின் மேல் 6400 டிபிஐ (அங்குலத்துக்கு இத்தனை புள்ளி) என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். அந்த எண்ணுக்காக யாரும் இதை வாங்க வேண்டியதில்லை. அச்சிட்ட போட்டோவுக்கு 600 டிபிஐ, 24 பிட் கலர், விவரம் இழக்காமல் சேமிக்கும் டிஃப் கோப்பு. இவ்வளவு போதும். கறுப்பு வெள்ளைப் படத்தையும் கலரிலேயே எடுங்கள். பழுப்புக் கறையையும் மை எழுத்தையும் பின்னால் பிரித்தெடுக்க அது உதவும். 8க்கு 6 அங்குலப் படம் ஒன்று 600இல் சுமார் 52 எம்பி வரும். 1200 போட்டால் 207 எம்பி. கூடுதல் விவரம் அநேகமாக எதுவும் கிடைக்காது, காகிதத்தின் நார்தான் பெரிதாகத் தெரியும்.

300 ஏன் போதாது? அந்த அளவு குரூப் போட்டோவில் ஒரு முகம் 8 மில்லிமீட்டர் அகலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 300இல் அது 95 புள்ளிகளுக்குள் அடங்கிவிடும், மூக்கும் மீசையும் கலந்துபோகும். 600இல் 190 புள்ளி, பெயர் சொல்லி அடையாளம் காட்டலாம். இன்னொரு காரணம் பந்து. முன்வரிசையில் உட்கார்ந்திருப்பவர்களின் காலடியில் ஒரு பந்தை வைத்து, அதில் வெள்ளை எழுத்தில் கிளப்பின் பெயரையும் ஆண்டையும் எழுதும் வழக்கம் இருந்தது. பல படங்களுக்கு அது ஒன்றுதான் தேதிச் சான்று. வளைந்த தோலின் மேல் எழுதிய எழுத்து, ஓரங்களில் நெருங்கிச் சுருங்கியிருக்கும். 300இல் 3 எது, 8 எது என்று சண்டை வரும். ஆண்டு எழுதாத படமானாலும் பந்து துப்புக் கொடுக்கும்: லேஸ் கட்டிய வாய் தெரிந்தால் பழைய காலம், கறுப்பு ஐங்கோணம், வெள்ளை அறுகோணம் என்று 32 துண்டுப் பந்து இருந்தால், அந்த வடிவம் 1970 உலகக் கோப்பையின் டெல்ஸ்டார் பந்துக்குப் பிறகு உலகெங்கும் பரவியது என்பதை வைத்து ஊகிக்கலாம்.

மென்பொருளில் முழுத் தானியங்கி முறையை விட்டுவிட்டு, புரொஃபெஷனல் முறைக்குப் போங்கள். முன்னோட்டத்தில் தம்ப்நெயில் வகை இருந்தால் நார்மலுக்கு மாற்றுங்கள். தம்ப்நெயில் தானாகவே ஓரத்தை வெட்டும். வெட்டுப்படுவது அட்டையின் கீழே எழுதிய ‘நிற்பவர்கள், இடமிருந்து வலம்’ வரியாகவும் இருக்கலாம். ஷார்ப்பன், கான்ட்ராஸ்ட் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு எடுங்கள். கோல்கீப்பர் தனி நிறச் சட்டை போட வேண்டும் என்ற விதி 1909இல் இங்கிலாந்தில் வந்தது. கறுப்பு வெள்ளைப் படத்தில் அது மெல்லிய சாம்பல் வித்தியாசமாகத்தான் தெரியும். கான்ட்ராஸ்டை அதிகம் ஏற்றினால் அந்த வித்தியாசம் அழிந்து, கீப்பர் யார் என்றே தெரியாமல் போகலாம்.

நிறத்தைச் சொல்லாமல் விட முடியாது. பழைய கலர் பிரிண்டுகளில் நீலப்பச்சைச் சாயம் முதலில் மங்கி, படம் முழுக்கச் சிவப்பேறிக் கிடக்கும். ‘கலர் ரெஸ்டொரேஷன்’ பொத்தானைத் தட்டினால் தோல் நிறம் உடனே உயிர்பெறும், பார்க்க மகிழ்ச்சியாகவும் இருக்கும். ஆனால் மெரூன் ஜெர்சி சிவப்பாகவும், கருநீலம் ஊதாவாகவும் மாறியிருக்கலாம். ஒரு கிளப்புக்கு அதன் ஜெர்சி நிறம் பெயருக்குச் சமம். அதனால் திருத்தாத ஸ்கேன் ஒன்று எப்போதும் தனியாக இருக்கட்டும். மலரில் போட வேண்டிய நிறத்தை அன்று ஆடியவர்களைக் கேட்டு, மீதமிருக்கும் ஒரு துணியையாவது பார்த்து முடிவு செய்யுங்கள்.

நெகட்டிவில்தான் இந்த இயந்திரம் தன் விலைக்கு நியாயம் செய்கிறது. மூடிக்குள்ளேயே விளக்கு இருக்கிறது. 35 மில்லிமீட்டர் பட்டையில் ஒரே தடவையில் 12 பிரேம், மவுண்ட் செய்த ஸ்லைடு என்றால் 4, அகலமான 120 பிலிமுக்குத் தனிச் சட்டம். 3200 டிபிஐக்கு மேல் போவதில் பலன் இல்லை. தூசியையும் கீறலையும் அகச்சிவப்பு ஒளியால் கண்டுபிடித்து நீக்கும் டிஜிட்டல் ஐஸ், கலர் நெகட்டிவில் அருமையாக வேலை செய்கிறது. நேரம் மட்டும் பல மடங்கு ஆகும். வழக்கமான கறுப்பு வெள்ளை நெகட்டிவில் அதை அணைத்தே ஆக வேண்டும். அதில் பிம்பமே வெள்ளித் துகள்தான், அகச்சிவப்பை அதுவும் மறைக்கும். ஐஸ் அதைத் தூசி என்று எண்ணி, படத்தையே அழித்து மெழுகிவிடும். அங்கே காற்றுப் பம்பும் மென்மையான தூரிகையும்தான் வழி.

குறை என்றால் அந்த பிலிம் சட்டம். உயரத்தைக் கூட்டிக் குறைக்க வழியில்லை. சுருண்ட பட்டை நடுவில் தொங்கினால் படம் மங்கும். அமிலமில்லாத தாளுக்கு நடுவே வைத்து, கனமான புத்தகங்களுக்கு அடியில் சில நாள் விட்டுப் பிறகு எடுங்கள். பட்டையைத் திருப்பி வைத்துவிட்டால் இடக்கால் விங்கர் வலக்கால் ஆட்டக்காரர் ஆகிவிடுவார்; முதுகு எண்ணையோ கோப்பையில் உள்ள எழுத்தையோ பார்த்துச் சரிபாருங்கள்.

பத்திரிகைத் துணுக்கை அப்படியே வைத்தால் பின்பக்கச் செய்தி ஊடுருவித் தெரியும். மேலே ஒரு கறுப்புத் தாளை வையுங்கள், மறைந்துவிடும். அச்சுப் புள்ளிகளால் அலைபோல் கோடு விழுந்தால், டீஸ்கிரீன் (அச்சுப் புள்ளிகளை மழுப்பும் வசதி) போட்டு இன்னொரு பிரதி எடுங்கள். எழுத்துக்கு டீஸ்கிரீன் இல்லாத பிரதியே நல்லது. ஆல்பத்தில் ஒட்டிப்போன படத்தைப் பிய்க்காதீர்கள். பக்கத்தோடு சேர்த்துக் கண்ணாடியில் கவிழ்த்துவிடுங்கள். ஒட்டாமல் தனியாக இருக்கும் ஒவ்வொரு படத்துக்கும் பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்யுங்கள். ஸ்டுடியோ முத்திரையும் பென்சிலில் எழுதிய பெயர்களும் அங்கேதான் இருக்கும்.

இனி மினிட்ஸ் நோட்டு. வி600இன் கண்ணாடி 216க்கு 297 மில்லிமீட்டர். பழைய நீளக் கணக்கு நோட்டு இதற்குள் அடங்காது. விரித்துக் கவிழ்த்தால் தையல் ஓரத்து எழுத்து நிழலில் போகும், அழுத்தினால் முதுகு பிளக்கும். இங்கிலாந்தின் ஷெஃபீல்டு கால்பந்து கிளப் 1857இல் தொடங்கியது, இன்றும் ஆடும் கிளப்களில் உலகிலேயே பழையது. அதன் கையெழுத்து விதிகள் உள்ளிட்ட ஆவணங்கள் 2011இல் ஏலத்தில் 8,81,250 பவுண்டுக்குப் போயின. உங்கள் நோட்டு ஏலத்துக்குப் போகப்போவதில்லை, ஆனால் அதுபோல் இன்னொரு பிரதி எங்கும் கிடையாது. ஆகவே நோட்டை V வடிவத்தில் பாதி மட்டும் திறந்து, இரண்டு பக்கமும் தலையணை கொடுத்து, ஸ்டாண்டில் பொருத்திய கேமராவால் பக்கம் பக்கமாக எடுங்கள். வெளிச்சம் இருபுறமிருந்தும் சாய்வாக விழட்டும்.

நோட்டில் இருக்கும் லீக் புள்ளிப் பட்டியலைத் தட்டச்சு செய்பவர்களிடம் ஒன்று சொல்லிவையுங்கள். வெற்றிக்கு 2 புள்ளி என்று கணக்கு வந்தால் ‘திருத்த’ வேண்டாம். 3 புள்ளி முறை இங்கிலாந்து லீகில் 1981இல்தான் வந்தது, உலகக் கோப்பையில் 1994இல். பழைய ஏட்டில் 2 இருந்தால் அது பிழையல்ல.

பெட்டியில் வெறும் பிரிண்டுகள் மட்டும், அதுவும் தட்டையாக இருந்தால் வி39 வகையே போதும். ஒரு உறை நெகட்டிவாவது இருந்தால் வி600ஐ எடுங்கள். நாலைந்து கிளப்கள் சேர்ந்து ஒன்றை வாங்கி, மாதம் ஒரு கிளப் என்று கைமாற்றிக்கொள்ளலாம். எடை 4 கிலோ சொச்சம், தூக்கிப்போக எளிது.