கிரீஸில் யாட் வாடகைக்கு எடுக்கப் போகிறவர்கள் கையெழுத்துப் போடும் முன் இதைப் படியுங்கள்

ஏதென்ஸ் பக்கத்தில் அலிமோஸ் மரீனா என்ற படகுத்துறையிலிருந்து ஒரு வாரத்துக்கு யாட் எடுத்து, ஏஜினா, போரோஸ், ஹைட்ரா என்று சரோனிக் வளைகுடாத் தீவுகளைச் சுற்றிவர நானும் என் கணவரும் போன ஜூலையில் போனோம். தீவுகளில் ஒரு குறையும் இல்லை. ஆனால் படகு கொடுத்த கம்பெனி எங்கள் 2,500 யூரோ டெபாசிட்டில் 1,800 யூரோவைப் பிடித்துக்கொண்டது. எப்படிப் பிடித்தார்கள் என்பதை விவரமாகச் சொல்கிறேன், அடுத்து போகிறவர்களாவது தப்பிக்கட்டும்.

நாங்கள் படகுக்குப் புதியவர்கள் இல்லை. இருவரும் இங்கிலாந்தில் சோலண்ட் கடலில் ஐந்து நாள் பயிற்சி முடித்தவர்கள், என் கணவரிடம் லைசென்ஸ் இருக்கிறது. கிரீஸில் மாலுமி வைக்காமல் நாமே ஓட்டுவதென்றால் ஒருவருக்கு லைசென்ஸ் வேண்டும், இன்னொருவர் தனக்குப் படகு அனுபவம் உண்டென்று எழுதித் தர வேண்டும், அப்படித்தான் தாள்களில் என் கையெழுத்தும் ஏறியது. ஜூலை, ஆகஸ்டில் மெல்தேமி என்ற வடகாற்று சிக்லடீஸ் தீவுகள் பக்கம் நாள்கணக்கில் விடாமல் அடிக்கும், அதனால்தான் கொஞ்சம் மறைவான சரோனிக்கைத் தேர்ந்தெடுத்தோம். அவ்வளவு யோசித்துப் போன நாங்கள்தான் மாட்டினோம்.

சனிக்கிழமை மாலை 5 மணிக்குப் படகு தருவதாகச் சொன்னவர்கள் தந்தது ஏழரைக்கு. 8 மணிக்கு ஆபீஸ் மூடிவிடும், சீக்கிரம் பார்த்துவிடுங்கள் என்றான் நான்கு பக்கப் பட்டியலோடு வந்த பையன். முள்கரண்டி எட்டு, கத்தி எட்டு, ஒயின் கிளாஸ் ஆறு என்று ஒவ்வொன்றாக எண்ண வைத்தான். நங்கூரம் தூக்கும் மோட்டாரை ஒரு தடவை அழுத்தினான், சங்கிலி ஒரு முழம் இறங்கியது, 'சரியா இருக்கு, பாருங்க' என்று அடுத்த வரிக்குப் போய்விட்டான். படகின் அடிப்பகுதியை யாரும் பார்க்கவில்லை, மரீனாத் தண்ணீரில் பார்க்கவும் முடியாது. ஆனால் மூன்றாம் பக்கத்தில் 'அடிப்பகுதி: நன்று' என்று ஏற்கனவே டிக் அடித்திருந்தது. பயணக் களைப்பில் நாங்கள் கையெழுத்துப் போட்டோம்.

ஞாயிறு காலை கிளம்பி மூன்று மணி நேரத்துக்குள் ஏஜினா, மறுநாள் போரோஸ், எல்லாம் நன்றாகவே போயிற்று. ஹைட்ராவில்தான் வினை வந்தது. சின்னத் துறைமுகம், அத்தனை படகும் முன்னால் நங்கூரம் போட்டுவிட்டுப் பின்பக்கத்தைக் கரையில் கட்டி நிற்கும், ஒருவர் சங்கிலி மேல் இன்னொருவர் சங்கிலி விழுவது அங்கே தினசரி நடப்பு. காலையில் நங்கூரத்தைத் தூக்கும்போது முப்பது மீட்டர் சங்கிலி தண்ணீருக்குள் இருக்க மோட்டார் நின்றுவிட்டது. காற்று எங்களைப் பக்கத்துப் படகு மேல் தள்ளிக்கொண்டிருக்க, என் கணவர் முன்தளத்தில் மண்டி போட்டு வெறுங்கையால் சங்கிலியை இழுத்தார், உள்ளங்கை இரண்டும் உரிந்து போயிற்று. பக்கத்துப் படகிலிருந்து ஒரு வயதான பிரெஞ்சுக்காரர் தாவி வந்து, நங்கூர மோட்டாரின் மின் சுவிட்சு பின்அறை மெத்தைக்கு அடியில் இருப்பதைத் தேடிக் கண்டுபிடித்தார். போட்டதும் இரண்டு நிமிடம் ஓடியது, மறுபடி நின்றது. மீதியை அவரும் சேர்ந்து இழுத்துக் கொடுத்தார். கம்பெனிக்கு நான்கு முறை போன் செய்தேன், எடுக்கவில்லை. இரண்டு மணி நேரம் கழித்து வந்த பதில், 'எஞ்சினை ஓடவிட்டுத்தான் நங்கூரம் தூக்க வேண்டும்' என்பது. எஞ்சின் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

வெள்ளி மாலை திரும்பியதும் ஒருவர் தண்ணீருக்குள் இறங்கிப் படம் எடுத்து வந்தார். கீலில், அதாவது படகின் அடியில் துடுப்புபோல் நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியில், ஒரு கை நீளத்துக்குக் கீறல், பாறையில் மோதியிருக்கிறீர்கள் என்றார்கள். நாங்கள் எங்கேயும் தரை தட்டவே இல்லை. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஏங்க, கீறலுக்குள்ள பாருங்க" என்றேன். பள்ளத்தில் பச்சையாகப் பாசி படர்ந்து, அதன் மேல் நகக்கண் அளவுக்குக் கொட்டலசு (சிப்பி மாதிரி ஓட்டோடு ஒட்டி வளரும் கடல் உயிர்) ஒட்டியிருந்தது. ஒரு வாரக் கீறலில் எப்படி அது அவ்வளவு பெரிதாக வளரும்? மேனேஜரிடம் கேட்டால் மூன்றாம் பக்கத்தைத் திருப்பி எங்கள் கையெழுத்தைக் காட்டினார். கீலுக்கு 850, மோட்டாரைத் தப்பாகப் பயன்படுத்தி எரித்ததற்கு 950. பணத்தை எடுக்காமல் கார்டில் சும்மா நிறுத்தி வைப்போம் என்றுதான் முதலில் சொன்னார்கள், ஆனால் டெபிட் கார்டில் கொடுத்ததால் அன்றைக்கே 2,500-ம் போய்விட்டிருந்தது. மீதி 700 வர ஆறு வாரம் ஆயிற்று.

வங்கியில் புகார் கொடுத்தோம், கொட்டலசுப் படத்தையும் அனுப்பினோம். கம்பெனி அந்த ஒரு பக்கத்தை அனுப்பியது, டிசம்பரில் வங்கி கைவிரித்துவிட்டது. கிரெடிட் கார்டில் கொடுத்திருந்தால் பிரிட்டனில் 1974 நுகர்வோர் கடன் சட்டத்தின் 75-வது பிரிவைக் காட்டியாவது (கார்டு கொடுத்தவருக்கும் பொறுப்பு உண்டு என்கிறது அது) கேட்டிருக்கலாம். டெபாசிட் தொகையைக் குறைக்கும் காப்பீடு ஒன்று இருந்தது, கட்டினால் திரும்பாத பணம் என்று நாங்கள் வேண்டாமென்றோம். இப்போது நினைத்தால் அதை எடுத்திருக்க வேண்டும்.

போகிறவர்கள் எஞ்சினை ஓடவிட்டு நங்கூரச் சங்கிலி முழுவதையும் இறக்கி ஏற்றிக் காட்டச் சொல்லுங்கள், அந்த சுவிட்சு எங்கே என்று கேளுங்கள். ஆபீஸ் மூடுகிற நேரமென்றால் மூடிக்கொள்ளட்டும், நீங்கள் அங்கேயே தூங்கி ஞாயிறு காலை பார்த்துக்கொள்ளலாம். அடிப்பகுதி என்று எழுதியிருக்கும் வரியில் டிக்கைக் கோடு போட்டு நீக்கிவிட்டு 'பார்க்கவில்லை' என்று உங்கள் கையால் எழுதி, அந்தத் தாளைப் போனில் படம் எடுத்துக்கொண்டு, அப்புறம் கயிற்றை அவிழுங்கள்.