பெயர் தெரியாத விதை: லென்ஸா, மண்ணா?

பெயர் எழுதாத விதைப் பொட்டலம் கைக்கு வந்தால், அது எந்தச் செடி என்று அறிய இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, விதைத்துப் பார்ப்பது. மற்றொன்று, பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸில், பெயர் தெரிந்த மாதிரி விதைகளோடு ஒப்பிட்டுப் பார்ப்பது. மாடித் தோட்டத்துக்கு நாட்டு விதை சேகரிக்கும் நான் லென்ஸையே தேர்ந்தெடுத்தேன்.

விதைத்துப் பார்ப்பதில் செலவில்லை, முடிவும் உறுதியானது. ஆனால் கையில் இருந்த விதை போய்விடும். பழைய விதை முளைக்காவிட்டால் பெயரும் தெரியாது. ஆடிப்பட்டத்தில் போட்டது பீர்க்கா, நுரைப்பீர்க்கா என்பது காய் பிடிக்கும்வரை தெளியாமல் போகலாம். லென்ஸில் உடனே தெரியும்: பீர்க்கு விதை குழிகுழியாகச் சொரசொரத்திருக்கும், நுரைப்பீர்க்கு வழவழப்பாக, சுற்றிலும் மெல்லிய விளிம்போடு இருக்கும்.

நிறத்தை நம்பக் கூடாது. விதை பழசாகப் பழசாக அது கறுக்கும். நான் முதலில் தேடுவது தழும்பை, அதாவது விதை காயோடு ஒட்டியிருந்த இடத்தை. மொச்சை வெள்ளையோ பழுப்போ கறுப்போ, தழும்பின்மேல் வெள்ளைக் கோடு ஒன்று நீளமாகப் புடைத்திருக்கும். தட்டைப்பயற்றில் அந்தக் கோடு இல்லை. தழும்பு சிறியது, பல ரகங்களில் அதைச் சுற்றிக் கண் போலக் கருவளையம் இருக்கும். குன்றிமணியின் தழும்பு கறுப்புப் பகுதிக்குள் இருக்கும். மஞ்சாடி முழுக்கச் சிவப்பு. குன்றிமணி கடும் நஞ்சு. குழந்தைகள் இருக்கும் வீட்டில் இதை முளைக்கவிட்டுத் தெரிந்துகொள்வது சரியல்ல.

தக்காளி விதையில் பட்டுப் போல நுண்ணிய ரோமம் தெரியும், கத்தரியில் தெரியாது. கடை விதையில் மட்டும் கவனம் வேண்டும். சில நேரம் ரோமத்தை நீக்கியே விற்கிறார்கள்.

லென்ஸ் தோற்கும் இடங்களும் உண்டு. அவரையும் மொச்சையும் ஒரே இனம். முட்டைக்கோஸும் காலிஃபிளவரும் அப்படியே. அங்கே மண்ணிடம்தான் போக வேண்டும். கீரை விதைகளிலும் எனக்குப் பயிற்சி குறைவு. தண்டுக்கீரையையும் அரைக்கீரையையும் லென்ஸில் பார்த்துப் பிரித்துச் சொல்லத் துணிய மாட்டேன்.

மாதிரி விதைகளைப் பராமரிக்க வேண்டும் என்பதுதான் லென்ஸ் வழியில் உள்ள ஒரே சுமை. நன்றாகக் காய்ந்த விதையைக் கண்ணாடிக் குப்பியில் போட்டு இறுக மூட வேண்டும். பயறுகளில் வண்டு விழுகிறதா என்று அவ்வப்போது பார்க்க வேண்டும். பெயரைப் பென்சிலால் எழுதிக் குப்பிக்குள்ளேயே போடுங்கள். வெளியே ஒட்டிய சீட்டு உதிர்ந்தால் அந்த மாதிரியும் பெயர் தெரியாத விதையாகிவிடும்.