ரிங்டோனுக்கு இசை, ஸ்டேட்டஸுக்கு வரி

பாட்டுல இசை பெருசா வரி பெருசான்னு எனக்கும் என் மச்சானுக்கும் ரொம்ப நாளா ஒரு சண்டை ஓடிட்டு இருக்கு. நான் இசை கட்சி, அவன் வரி கட்சி. மேலூர்ல பஸ் ஏறும்போது ஆரம்பிச்சா மாட்டுத்தாவணில இறங்கி டீ குடிச்சு கிளாஸ வைக்கிற வரைக்கும் ஓயாது, பக்கத்துல நிக்கிறவரும் சேந்துக்குவாரு, கடைசில யாரு எந்தக் கட்சின்னே தெரியாம போயிரும். சரி இந்தத் தடவ ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு எழுதியே பாத்துருவோம்.

முதல்ல போன எடுங்க. என் ரிங்டோன் ஒரு பாட்டோட ஆரம்பத்துல வர்ற புல்லாங்குழல் பிட்டு, வார்த்தையே கிடையாது. டீக்கடைல அது அடிச்சா நாலு பேரு திரும்பிப் பாத்து அண்ணே அந்தப் பாட்டு தானன்னு சொல்லிருவாய்ங்க. அதே நாலு பேரோட வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ போய் பாருங்க, ஒருத்தனாவது புல்லாங்குழல் வச்சிருப்பானா? வரிதான் ஓடும், எழுத்து ஒன்னொன்னா பூத்து பூத்து வரும். பொண்டாட்டி கோவிச்சுட்டு ஊருக்குப் போயிட்டா ஒரு வரி, கூட்டாளி காசுல கை வச்சுட்டா ஒரு வரி, அப்பா செத்த நாளுக்கு ஒரு வரி. யாருக்குன்னு பேரு போட மாட்டாய்ங்க ஆனா போய்ச் சேர வேண்டியவனுக்கு கரெக்ட்டா போய்ச் சேந்துரும். நம்ம காதுக்கு வேணும்னா இசை, இன்னொருத்தன்கிட்ட போய்ச் சொல்லணும்னா வரின்னு நானே ஒரு கணக்கு போட்டு வச்சிருந்தேன்.

இப்ப என் கட்சி. சினிமால பெரும்பாலும் மெட்டு தான் முதல்ல பொறக்குது. இசையமைப்பாளர் தன்னன்னான்னு தத்தகாரத்துல பாடிக் காட்டுவாரு, அந்த அளவுக்கு கவிஞர் வார்த்தைய வெட்டி ஒட்டணும். அப்ப வீடு கட்டுனது இசை, குடி வந்தது வரி, அப்படித்தான நான் சொல்லுவேன். இதுக்கு மச்சான் நம்ம பக்கத்து ஆளுகளையே எடுத்து விடுவான். பண்ணைப்புரத்துக்காரர் இளையராஜா, வடுகபட்டிக்காரர் வைரமுத்து, தேனி தனியா பிரியிறதுக்கு முன்னாடி ரெண்டு ஊரும் மதுரை ஜில்லா தான். 1980ல நிழல்கள் படத்துல பொன்மாலைப் பொழுதுல சேந்தாங்க, 1986க்கு அப்புறம் பிரிஞ்சுட்டாங்க. வரி இல்லாம இசை நிக்கும்னா அவரு நின்னாரு சரி, ஆனா இசைய விட்டுட்டு வந்த வரியும் நின்னுச்சேடாம்பான். ரோஜா படத்துல ரகுமானுக்கு இசைக்கு தேசிய விருது, அதே படத்துல வைரமுத்துக்கு பாட்டுக்கு தேசிய விருது. இதுல எனக்கு பதில் கிடையாது, டீ ஆறுதுன்னு பேச்ச மாத்திருவேன்.

ஆனா அவன மடக்க என்கிட்ட ஒரு ஆயுதம் இருந்துச்சு, தாலாட்டு. எங்க அக்கா மகன் கைக்குழந்தையா இருக்கும்போது அம்மா தான் தொட்டில் ஆட்டும். மாமன் அடிச்சாரோ மல்லிகைப்பூச் செண்டாலேன்னு பாடிட்டே இருக்கும், நடுவுல அதே ராகத்துல அடுப்புல பாலு பொங்குதுடி போய் இறக்கி வையிடின்னு அக்காவுக்கு உத்தரவு போகும், திரும்ப மாமனுக்கு வந்துரும். அவன் பாட்டுக்கு தூங்கிருவான். அவனுக்கு மாமனும் ஒன்னு தான் பாலும் ஒன்னு தான். இதுக்கு மேல என்னடா சாட்சி வேணும்னு கேட்டேன்.

மச்சான் கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு ஒப்பாரின்னு ஒரே வார்த்தை சொன்னான்.

அங்க தான் நான் மாட்டிக்கிட்டேன். எங்க ஊர்ல யாரு செத்தாலும் கிட்டத்தட்ட ஒரே இழுப்பு தான். புருசன் செத்தாலும் அதே ராகம், அண்ணன் செத்தாலும் அதே ராகம், அடுத்த வீட்டுக் கெழவிக்கும் அதே தான். சின்ன வயசுல இருந்து கேட்டு கேட்டு அந்த ராகம் நமக்கு பழகிப் போச்சு, அதுக்காக யாரும் அழுகுறதில்ல. அப்பத்தா செத்தன்னைக்கு நான் பந்தல் போடுறது, சேர் எறக்குறது, ஐஸ் பெட்டிக்கு கரண்டு இழுக்குறதுன்னு அலைஞ்சுட்டே இருந்தேன், கண்ணுல ஒரு சொட்டு வரல. சாயங்காலம் எங்க அத்தை வந்து எறங்குச்சு, உக்காந்து எடுத்துச்சு பாருங்க,

ரெண்டு ரூவா முடிஞ்சு வச்ச சுருக்குப்பையி இங்கிருக்க
முடிச்சவுக்கும் கையி மட்டும் எங்க போச்சு எங்காத்தா

அவ்ளோ தான். அந்தச் சுருக்குப்பைல இருந்து ரெண்டு ரூவா வாங்கித் தான் நான் பள்ளிக்கூட வாசல்ல மாங்கா தின்னேன். கையில வச்சிருந்த சேர அப்படியே போட்டுட்டு கொல்லைப்பக்கம் போயிட்டேன். காலையில இருந்து அதே ராகத்துல பத்து பேரு அழுதிருப்பாங்க, ஒன்னுமே ஆகல, அந்த ரெண்டு வரி வந்து அடிச்சிருச்சு. சரி ஒப்பாரி உனக்கு எழுதிக்கோன்னு மச்சானுக்கு குடுத்துட்டேன்.

நாதஸ்வரத்த வச்சு சமன் பண்ணிரலாம்னு அடுத்து போனேன். தில்லானா மோகனாம்பாள், 1968. சிவாஜி கையில இருக்குற நாதஸ்வரத்துல கேக்குற சத்தம் நம்ம மதுரை எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி அண்ணன் தம்பி வாசிச்சது. அந்த நலந்தானா பாட்டுல சபையே உக்காந்திருக்கு, அந்தம்மா ஆடிக்கிட்டே நலந்தானான்னு கேக்குது, இந்தாளு வாயத் தொறந்து பதில் சொல்ல வழியில்ல, நாதஸ்வரம் தான் சொல்லுது. பாத்தியா கேள்விக்குத் தான் வார்த்தை வேணும், பதிலுக்கு தேவையில்லன்னு நான் காலரத் தூக்குனேன். அவன் அசரல. அந்த நாதஸ்வரம் வாசிக்கும்போது உன் காதுல என்னடா கேக்குது, வெறும் சத்தமா இல்ல நலந்தானாவான்னு கேட்டான். யோசிச்சுப் பாத்தா ஆமா, நலந்தானா தான் கேக்குது. கண்ணதாசன் எழுதுன வார்த்தை உள்ள உக்காந்துட்டதால தான் அந்தக் குழல் பேசுற மாதிரி இருக்கு. என் ரிங்டோன் கதையும் அதே தான் போல, புல்லாங்குழல் அடிக்குது, மண்டைக்குள்ள பல்லவி ஓடுது.

கொலவெறி மாதிரி கேஸெல்லாம் சும்மா தொட்டுட்டு போயிரலாம். 2011ல தமிழே தெரியாத ஊர்ல எல்லாம் ஆடுனாய்ங்க, அது எனக்கு ஒரு மார்க்கு. எங்க மாமா ரேடியோ செட்டு வச்சிருந்தப்ப நான் தான் கேசட் மாத்துவேன், ஒரு கல்யாணத்துல மெட்டு துள்ளலா இருக்கேன்னு ஒரு பாட்டப் போட்டு விட்டேன், பொண்ணு மேடைக்கு வர்ற நேரம், வரியில காதலிச்சவ ஏமாத்திட்டு போயிட்டா, பெருசுக எல்லாம் எவன்டா அவன்னு குழாயவே பாக்குதுக. அது அவனுக்கு ஒரு மார்க்கு, எனக்கு மாமா கையால ரெண்டு.

எந்தப் பக்கமும் போடத் தெரியாம நான் முழிக்கிறது டிஎம்எஸ் பாட்டுல தான். மதுரையில 1922ல பொறந்தவரு, வீட்ல பேசுறது சௌராஷ்டிரம், ஆனா தமிழ் உச்சரிப்புக்கு அவரத்தான் கைகாட்டுவோம். 1964ல வந்த அருணகிரிநாதர் படத்துல அவரே நடிச்சு முத்தைத்தருங்கிற திருப்புகழ் பாட்டப் பாடுனாரு. மாமா செட்ல காலைல அது ஓடாம விசேஷம் ஆரம்பிக்காது. திருப்புகழ் புஸ்தகத்துல பாட்டுக்கு மேலயே தத்தத்தன தத்தத் தனதனன்னு சந்தம் போட்டிருப்பாங்க, பாத்தா சினிமா தத்தகாரம் மாதிரியே இருக்கும், ஆனா இது பதினஞ்சாம் நூற்றாண்டு. அந்தப் பாட்டுக்கு முழு அர்த்தம் எனக்கும் தெரியாது, எம்ஏ தமிழ் படிச்ச மச்சானும் பாதியில திணறுவான். அர்த்தம் புரியாமத் தான் ரசிக்கிறோம், அப்ப இசை ஜெயிச்சுச்சுல்ல? ஆனா அந்த வார்த்தைய எடுத்துட்டு லலலான்னு பாடிப் பாருங்க, உசுரே போயிரும். அந்த தித்தியும் தொக்கும் தான் அங்க தவிலே. வார்த்தையே வாத்தியமா நிக்கும்போது அத எந்தக் கணக்குல எழுதுறது?

இருந்தாலும் ஓட்டுன்னு வந்தா நான் இசைக்குத் தான் குத்துவேன். ஒரு பாட்டு முதல்ல என்னப் பிடிச்சு நிறுத்துறது மெட்டு தான், வரி பல நேரம் வருசக் கணக்கு கழிச்சுத் தான் எனக்குப் புரிஞ்சிருக்கு. ஒப்பாரிய மட்டும் கணக்குல சேக்காதீங்க.

இத டைப் அடிச்சுட்டு இருக்கும்போதே மச்சான் ஸ்டேட்டஸ் ஒன்னு வந்து விழுந்துச்சு. ராத்திரி நேரம், புள்ளைக தூங்குதுக, போன் மியூட்ல இருக்கு. சத்தமே இல்லாம வரி மட்டும் ஓடுச்சு. எனக்குத் தான்னு பாத்தவுடனே தெரிஞ்சு போச்சு.