சிங்கப்பூர் – நியூயார்க்: நேரடி விமானமா, ஃபிராங்க்ஃபர்ட் வழியா?

சிங்கப்பூரிலிருந்து நியூயார்க்கின் ஜே.எஃப்.கே. விமான நிலையத்துக்கு நேர்தூரம் சுமார் 15,350 கிலோமீட்டர். ஃபிராங்க்ஃபர்ட் வழியாகப் போனால் ஏறத்தாழ 16,500. வித்தியாசம் 1,100 கிலோமீட்டர் சொச்சம். பறப்பதற்கு ஒன்றேகால் மணி நேரம் போதும். ஆனால் நேரடி விமானம் 18, 19 மணி நேரத்தில் போய்ச் சேர்கிறது, ஃபிராங்க்ஃபர்ட் வழி 23-ஐத் தாண்டுகிறது.

மிச்ச நேரத்தில் இரண்டு மணி ஃபிராங்க்ஃபர்ட் தரையில் போகும். மற்றதைக் காற்று தின்றுவிடும். மேற்கே போகும்போது எதிர்க்காற்று. நேரடி விமானம் பெரும்பாலும் கிழக்கே திரும்பி, பசிபிக் கடலுக்கு மேல் பின்காற்றோடு போகிறது. மிகக் குறுகிய பாதை வடதுருவத்தை ஒட்டிப் போகிறது என்பது உண்மைதான். ஆனால் கிலோமீட்டர் கூடினாலும் காற்று தள்ளிவிடும் பாதையில் போவதே லாபம்.

சரி, எதில் போவது? நேரடியில் ஒரு முறையும் ஃபிராங்க்ஃபர்ட் வழியில் இரண்டு முறையும் போயிருக்கிறேன். என் ஓட்டு ஃபிராங்க்ஃபர்ட்டுக்கு.

கட்டணத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நேரடியில் பறக்கும் ஏ350 விமானத்தில் சாதாரண எகானமியே கிடையாது. மொத்தம் 161 இருக்கைகள். 67 பிசினஸ், 94 பிரீமியம் எகானமி. அவ்வளவு தூரத்துக்கு எரிபொருள் சுமக்க வேண்டுமே, ஆளைக் குறைத்துத்தான் ஆக வேண்டும். குடும்பத்தோடு போகிறவர்களுக்குக் கணக்கு இங்கேயே முடிந்துவிடும்.

எனக்கு முடிவு சொன்னது கால்தான். நேரடியில் பன்னிரண்டு மணி நேரம் வரை ஒன்றும் தெரியவில்லை. இருக்கையும் தாராளம். இரண்டு படம், சாப்பாடு, ஒரு தூக்கம். எழுந்து திரையைப் பார்த்தால் இன்னும் ஆறரை மணி நேரம்! கணுக்கால் வீங்கி, கழற்றிய ஷூவுக்குள் கால் நுழையவில்லை. எழுந்து நடக்கலாம் என்று எல்லாரும் சொல்வார்கள். நடந்து பாருங்கள், பத்தடியில் சாப்பாட்டு வண்டி வந்து நிற்கும். நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்தாலே கால் சிரைகளில் இரத்தம் உறையும் ஆபத்து கூடுகிறது. ஏற்கெனவே கால் வீங்குகிற எனக்கு இது விளையாட்டில்லை.

ஃபிராங்க்ஃபர்ட் வழியில் நள்ளிரவு வாக்கில் கிளம்பிப் பதின்மூன்று மணி நேரம். இரவுத் தூக்கம் அதிலேயே முடிந்துவிடும். விடிகாலையில் இறங்கி, முகம் கழுவி, நீளமான நடைபாதையில் நாலு முறை போய் வந்தால் உடம்பு நம்முடையதாகிவிடும். அப்புறம் எட்டரை மணி நேரம்தான். பெட்டி தானாகவே நியூயார்க் போய்விடுகிறது, அந்தக் கவலையும் இல்லை. முற்பகலில் நியூயார்க்கில் இறங்கியதால் அன்று இரவு ஒழுங்காகத் தூங்கினேன். நேரடியில் போனபோது அந்தி சாய்ந்து இறங்கி, விடிய விடிய கொட்டக் கொட்ட விழித்திருந்தேன். ஒரே அனுபவம்தான், அதை வைத்து விதி எழுத மாட்டேன்.

திரும்பும்போது அட்லாண்டிக்கைத் தாண்டப் பின்காற்று கிடைப்பதால் ஃபிராங்க்ஃபர்ட் வழியில் ஒரு மணி நேரத்துக்கு மேல் மிச்சம். நேரடியில் நான் திரும்பியதில்லை.

போன மாதம் அப்பாவுக்கு டிக்கெட் போட்டேன். தனியாகப் போகிறார், காதும் கொஞ்சம் மந்தம். நடுவழியில் இறங்கி கேட் தேடி அலைய வேண்டாமென்று அவருக்கு நேரடியே எடுத்தேன். கூடவே ஒரு ஜோடி அழுத்தக் காலுறையும்.