ஈரல் மாத்தின ஆக்களுக்கு மருந்தெடுக்க நம்பிப் போகக்கூடிய பாமசி, கரடிப்போக்கு

அப்பாக்கு ஹெபடைட்டிஸ் பீ எண்ட வைரஸால ஈரல் சுருங்கிப்போய் ராகம ஆசுப்பத்திரியில மாத்தினது. மாத்தினா வருத்தம் முடிஞ்சுது எண்டுதான் ஊரில கனபேர் நினைக்கினம், ஆனா பழைய ஈரலை எடுத்தாலும் வைரஸ் உடம்பில ஒளிச்சிருக்கும், புது ஈரலை உடம்பு தள்ளாம இருக்க டக்ரோலிமஸ் போடுறதால எதிர்ப்புச் சக்தியும் குறைவு, அப்ப வைரஸை அடக்கிற என்டெகாவிர் குளிசை விட்டுப்போனா வைரஸ் திரும்ப எழும்பிப் புது ஈரலையும் பழுதாக்கிப் போடும். அதால மருந்தெடுக்கிற கடை எங்களுக்குப் பெரிய விசயம்.

முந்தி எடுத்த கடையில ஒரு சொல்லும் சொல்லாம டக்ரோலிமஸை வேற கம்பனியில தந்து விட்டவை. கம்பனி மாறினா ரத்தத்தில மருந்தின்ர அளவும் மாறலாம், திரும்பச் சோதிச்சுப் பாக்கோணும். சரியான கோவம் வந்தது.

கரடிப்போக்குச் சந்திக்குக் கிட்ட இருக்கிற இந்தப் பாமசியில நிக்கிற அக்கா துண்டை வாங்கினவுடன குளிசையை எடுக்கமாட்டா, முதல் கேள்விதான். "தம்பி, அப்பா என்டெகாவிரை எப்ப போடுறவர்? சாப்பிட்டு ரெண்டு மணித்தியாலம் கழியோணும், போட்டாப் பிறகும் ரெண்டு மணித்தியாலத்துக்குச் சாப்பிடக்கூடாது, படுக்கேக்க போடச் சொல்லுங்கோ" எண்டு சொல்லி, பெட்டியில நீலப் பேனையால பெரிசா ஒரு நிலாவும் கீறித் தந்தவ. அப்பாக்குக் கண் மங்கல், அந்த நிலாவைப் பாத்துத்தான் எடுக்கிறவர். கிட்னி எப்பிடி வேலை செய்யுது எண்டு பாக்கிற கிரியேட்டினின் ரிப்போட்டும் கேப்பா, கிட்னி குறைஞ்சா என்டெகாவிரையும் குறைக்கவேண்டி வருமாம். முழங்கால் நோவுக்கு டைக்குளோபினாக் கேக்க, டக்ரோலிமஸோட சேந்தா கிட்னிக்குக் கூடாது, கிளினிக்கில கேட்டிட்டு வாங்கோ எண்டு குடுக்கேல்லை. விக்கிற சாமானை வேண்டாம் எண்டு சொல்லுற கடை எத்தினை இருக்கு?

ஒட்டுசுட்டானில இருந்து சொந்தக்காரர் காட்டுப்பண்டி இறைச்சி குடுத்து விடுறவை எண்டு கதையோட கதையாச் சொன்னன். வடிவா அவியாட்டி அதில ஹெபடைட்டிஸ் ஈ தொத்தலாம், மற்ற ஆக்களுக்குப் பெரும்பாலும் தானா மாறிடும், ஈரல் மாத்தின ஆக்களில சிலருக்கு மாறாம நிண்டு ஈரலைக் கெடுக்கும் எண்டவ. இது எங்களுக்கு ஒருத்தரும் சொல்லேல்லை. கீழ்காய்நெல்லி அரைச்சுக் குடுக்கிறதெண்டாலும் டொக்டரைக் கேளாமக் குடுக்க வேண்டாமாம்.

குறையெண்டா, டக்ரோலிமஸ் எப்பவும் கையில இருக்காது, குளிசை முடியிறதுக்கு ஒரு கிழமைக்கு முந்தியே சொல்லிவைச்சா கொழும்பில இருந்து எடுத்துத் தருவினம். ஞாயிறு பின்னேரம் பூட்டு.