இடுப்புப் பட்டையா, கழுத்து எடையா? மூச்சடக்கி முங்குவோருக்கான ஒப்பீடு

கோலாலம்பூரில் ஃபிரீடைவிங் (காற்றுக்கலன் இன்றி மூச்சடக்கி முங்குதல்) பழகும் நம்மவருக்குத் தண்ணீர் இரண்டு வகைப்படும். ஆண்டு முழுவதும் கிடைப்பது நீச்சல் குளம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த மாதங்களில் மட்டும் கிடைப்பது பெர்ஹெந்தியான், தியோமான் போன்ற கிழக்குக் கரைத் தீவுகளின் கடல். மிதப்பைக் குறைக்க ஈயக்கட்டிகள் கோத்த ஒரே எடைப் பட்டையை இரண்டிற்கும் கட்டிக்கொள்வது எனக்கு ஏற்புடையதாகத் தோன்றவில்லை. எத்தனை கிலோ ஈயம் என்பதோடு அது உடலில் எங்கே அமர்கிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

குளத்தில் உடல் கிடைமட்டமாகச் செல்ல வேண்டும். காற்று நிறைந்த நுரையீரல் மார்பை மேலே தூக்க, கால்கள் கீழே சரிகின்றன. சாய்ந்த உடல் தண்ணீரின் எதிர்ப்பைக் கூடுதலாகச் சந்தித்து, மூச்சை வீணாக்குகிறது. இந்நிலையில் இடுப்பில் ஈயம் கட்டினால், ஏற்கெனவே தாழ்ந்திருக்கும் பகுதியே மேலும் தாழும். கழுத்து எடையோ நுரையீரலுக்கு அருகிலேயே அமர்ந்து, அதன் மிதப்பை அங்கேயே ஈடுசெய்கிறது. சைக்கிள் டியூபில் ஈயக் குண்டுகளை நிரப்பி டேப் சுற்றிப் பலர் இதனைத் தாங்களே செய்துகொள்கிறார்கள். சுவரை உதைத்து அசையாமல் சறுக்கிப் பாருங்கள்: மார்பு எழும்பினால் கழுத்தில் அரைக் கிலோ கூட்டலாம், உடல் சாயாமல் மொத்தமாக அமிழ்ந்தால் குறைக்க வேண்டும். தடித்த வெட்சூட் (உடலோடு ஒட்டும், மிதக்கும் தன்மையுள்ள நீருடை) அணிந்தால் கால்களும் மிதக்கும் என்பதால், அப்போது ஒரு பங்கை இடுப்புக்கு மாற்றுவது பொருந்தும்.

கடலில் தலைகீழாக இறங்கும்போது கணக்கு வேறு. ஆழம் கூடக் கூட வெட்சூட்டும் வயிறும் ஒடுங்குவதால், நைலான் பட்டை தளர்ந்து மார்பை நோக்கி நழுவுகிறது. மேலேயே அதை இறுக்கிக் கட்டினால் வயிற்று மூச்சு தடைபடும். ரப்பர் பட்டை உடலோடு சேர்ந்து சுருங்குவதால் இடுப்பெலும்பின் மேல் நிலையாக நிற்கிறது. விலை கூடுதலானாலும் இதில் எனக்கு ஐயமே இல்லை. ஈயக்கட்டிகளை இருபுறமும் சமமாகக் கோக்க வேண்டும். இல்லையேல் உடல் ஒருபக்கமாக உருளும்.

எடையின் அளவில்தான் ஆபத்தான தவறு நிகழ்கிறது. உப்பு நீரின் அடர்த்தி ஏறத்தாழ 2.5 விழுக்காடு கூடுதல் என்பதால், 70 கிலோ எடையுள்ளவருக்குக் கடலில் சுமார் 1.75 கிலோ மிதப்பு கூடுகிறது. அதனால் குளத்தில் சரியாக இருந்த எடையுடன் மேலும் ஈயம் சேர்க்கத் தோன்றும். ஆனால் குளத்து எடை ஒரு மீட்டர் ஆழத்திற்கு அளந்தது. கடலிலோ சமநிலை, அதாவது உடல் மிதக்கவும் அமிழவும் செய்யாத நிலை, 10 மீட்டரைவிடக் குறைந்த ஆழத்தில் அமையக்கூடாது. அந்த ஆழத்தில் ஆறு லிட்டர் நுரையீரல் மூன்று லிட்டராகச் சுருங்கி, மூன்று கிலோ அளவு மிதப்பு போய்விடும்; வெட்சூட்டின் மிதப்பும் குறையும். ஆகவே பெரும்பாலோருக்குக் கடலில் குளத்தைவிடக் குறைந்த ஈயமே போதும். மூச்சடக்குவதால் வரும் மயக்கம் பெரும்பாலும் நீர்ப்பரப்பை நெருங்கும்போதோ மேலே வந்த பிறகோ நேர்வதால், அந்தக் கடைசி மீட்டர்களில் உடல் தானாக எழும்ப வேண்டும்; மேற்பரப்பில் மூச்சை இயல்பாக வெளியேற்றிய பின்னும் மிதக்க வேண்டும். கூட முங்கும் துணையாள் ஒருவர் உடனிருப்பது இதற்கெல்லாம் முந்திய நிபந்தனை.

ஒன்றை மட்டுமே வாங்க முடியுமெனில், கடலுக்குப் போகிறவர் ஒரே இழுப்பில் அவிழும் கொக்கியுள்ள ரப்பர் பட்டையை முதலில் வாங்கட்டும். குளத்திலேயே பழகுகிறவருக்குக் கழுத்து எடை போதும், அதுவும் உடனே கழற்றக்கூடியதாக இருந்தால் மட்டும்.